விதைநெல்லில் கிடைத்த சார்ஜர்

திருத்துறைப்பூண்டி
ஜூலை 4, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஷஹ்பாஸுக்கு, உன் அம்மா ஜன்னத் பீவி சொல்லச் சொல்ல உன் தங்கை அனீஸா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி இருக்கிறோம், தோஹாவில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்கள் மனசு நிறையும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் அம்மா, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பாய் என்று அனீஸா சொல்கிறாள், அப்படிக் கேட்டால் என் குரல் கோழி கொத்துகிற மாதிரி இருக்குமாம். இந்த விஷயத்தை நீ அவசரப்பட்டுக் கேட்கக்கூடாது, அதனால்தான் காகிதம். உன்னைப் போல் தோஹாவில் வேலை பார்க்கிற குணசேகரன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறான், அவன் பெட்டியில் இடம் கேட்டு நாலு வீட்டுக்காரர்கள் நின்றார்கள், வீட்டுக்கு இரண்டு கிலோ என்று அவன் அம்மா பிரித்துவிட்டாள். நம் பங்கில் தம்ரூட் இனிப்பு, நார்த்தங்காய் ஊறுகாய், வறுத்து இடித்த மல்லித்தூள் இருக்கும். பழைய துணியில் சுற்றிய ஒரு பொட்டலமும் இருக்கும், அதை இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு பிரி.

என் காலில் இருக்கிற புண் பாதி ஆறியிருக்கிறது, சர்க்கரை குறைந்தால்தான் மீதி ஆறும் என்று திருவாரூர் டாக்டர் சொல்கிறார், அடுத்துப் பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். உன் அத்தாவின் செருப்புக் கடையில் பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ வியாபாரம் இந்த வருஷம் பரவாயில்லை, ஆனால் பிள்ளைகள் காலை அளந்து போட்டுக் கழற்றியே அத்தாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குணசேகரனின் அம்மா வந்தால் பேச்சுக்குப் பேச்சு, எம்மவன் அங்கேருந்து தெனம் ராத்திரி போன் பண்ணிட்டுத்தான் படுப்பான் என்கிறாள், நான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வருகிற போனை வைத்துக்கொண்டு அவளுக்கு என்ன பதில் சொல்வது, சிரித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தேன். நீ லீவுக்கு வருவதற்கு முன்னால் ஓமன் பக்கம் போய் மலைப் பாறை மேல் புரொஜெக்டரில் படம் காட்டிப் படுத்துக்கொண்டு பார்க்கிற போட்டோவை அனீஸா காட்டினாள். பாறைச் சந்தில் தேள் இருக்கும், படம் பார்க்கிறவனுக்குக் காலடி தெரியாது, பாயை உதறிப் போட்டு உட்கார். தலைக்கு எண்ணெய் வை, வெள்ளிக்கிழமையாவது வை. இப்போது நம் வேன் டிரைவர் சாமிதுரை விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை, இதை எழுதிக்கொண்டிருக்கிறவள். இனி அவளே எழுதட்டும். அவள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கடைசியில் எனக்கு நாலு வரி இடம் விட்டால் போதும்.

நானா, இனிமேல் எழுதுவது உங்கள் தங்கை அனீஸா. அம்மா கொல்லையில் துணி எடுக்கப் போய்விட்டார்கள். சுற்றி வளைத்தால் எழுத மாட்டேன், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். மன்னார்குடி மாமா வீட்டில் உங்கள் புரொஜெக்டர் சார்ஜர் காணாமல் போனதே, அதைச் சாமிதுரை அண்ணன் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். அந்தத் துணிப் பொட்டலத்தில் இருப்பது அதுதான்.

ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். எனக்கு உங்கள் மேல் பொறாமை, அந்தப் புரொஜெக்டர் பெட்டி மேலும் பொறாமை. ஒரு டிபன் டப்பா அளவு இருக்கிற சாமான் மேல் என்ன பொறாமை என்று சிரிக்காதீர்கள். நீங்கள் ஒவ்வொரு ஊருக்கும் போகும்போது அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனீர்கள், அது மூணாறு பார்த்திருக்கிறது, கோவா பார்த்திருக்கிறது, விமானத்தில் உங்கள் மடியில் உட்கார்ந்து வந்திருக்கிறது, ஓமன் மலையில் ஒட்டகம் அதை மோந்து பார்த்திருக்கிறது. நான் பார்த்தது கிழக்கே வேதாரண்யம், வடக்கே நாகூர், மேற்கே தஞ்சாவூர், அதுவும் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது பெரிய ஆஸ்பத்திரி வராந்தா. அந்த வருஷம்தான் நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போகாமல் நின்றேன், அடுத்த வருஷம் போகலாம் என்றார்கள், அடுத்த வருஷமும் யாராவது வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. நீங்கள் அனுப்புகிற போட்டோக்களில் ஏதோ ஒரு ஊரின் லாட்ஜ் சுவர் இருக்கும், சுவரில் படம் ஓடும், கீழே உங்கள் நண்பர்களின் கால் விரல்கள் மட்டும் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சூப்பர் நானா என்று பதில் அனுப்புவேன்.

பெருநாள் முடிந்த வாரம் நாம் சாமிதுரை அண்ணன் வேனில் நாகூர் போனோமே, அந்த ஒரு நாள் எனக்குப் பொறாமை இல்லை. லாட்ஜ் ரூமில் எந்தச் சுவர் சரி என்று நான்தான் பார்த்தேன். காலண்டரைக் கழற்றினேன், கட்டிலை இழுத்துப் போட்டேன், துணிப் பெட்டி மேல் பெட்டி அடுக்கி அம்மாவின் வெற்றிலைத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் புரொஜெக்டரை வைத்தேன். முதலில் படம் ஒரு பக்கம் இழுத்துப்போன தோசை மாதிரி கோணலாக விழுந்தது, தட்டுக்கு அடியில் மடித்த கைக்குட்டையை வைத்து நிமிர்த்தியதும் நான்தான். நீங்கள் அனீஸாதான் என் ஆபரேட்டர், இனி எங்க போனாலும் இவளைத்தான் கூட்டிட்டுப் போவணும் என்றீர்கள். சும்மா சொன்னீர்களோ என்னவோ, நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். சாமிதுரை அண்ணனை அத்தா மேலே கூப்பிட்டார்கள், அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்து பார்த்தார். நீங்கள் ஓமன் ரோட்டு வீடியோவைப் போட்டதும், தம்பி, ஒரு குழி இல்ல, ஒரு ஆடு குறுக்க வரல, இதுல வண்டி ஓட்டுனா தூக்கம்ல வரும் என்றார். நீங்கள் சிரித்துவிட்டு, வாங்கண்ணே, விசா எடுத்துத் தர்றேன் என்றீர்கள். என் பாஸ்போர்ட்டு இருக்கட்டும், மொதல்ல இந்த வண்டிக்கு எஃப்சி எடுக்கணும் என்று அவர் சொன்னதும் அம்மாகூட வாய்விட்டுச் சிரித்தார்கள். அன்றைக்குப் படுக்கும்போது நான் எந்தெந்த ஊரில் எந்தச் சுவரைத் தேர்ந்தெடுப்பேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மன்னார்குடி போனோம். மாமா மகள் நூர்ஜஹானை உங்களுக்கு முடிப்பதாகப் பெரியவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள், இனி பேர் சொல்லாதே, மச்சி என்று கூப்பிட்டுப் பழகு என்று அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மச்சி காலேஜில் இரண்டாம் வருஷம், பெங்களூர் டூர் போய் வந்திருக்கிறது, நல்ல நிறம், எல்லோரிடமும் பேசும். எனக்கு இரண்டு வயதுதான் மூத்தது. சாயங்காலம் மாடியில் எல்லோரும் கூடினார்கள், நான் முந்திய நாள் மாதிரியே சுவர் பார்த்து, ஸ்டூல் பார்த்து, சார்ஜரைச் சொருகிக்கொண்டிருந்தேன். மச்சி வந்து உட்கார்ந்ததும் இது எத்தனை லூமன்ஸ் என்று உங்களைக் கேட்டது. உங்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, தோன்றியிருந்தாலும் வெளிச்சத்தின் அளவுக்கு இருக்கிற அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. நீங்கள் ரிமோட்டை என் கையிலிருந்து எடுத்து அதனிடம் கொடுத்துவிட்டு, அனீஸா, நீ ஒயரைச் சொருகிட்டுத் தள்ளிக்க, நூர்ஜஹான், நீ பண்ணு, உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல, இவளுக்கு ஒரு பட்டனை நாலு தடவ சொல்லணும், பத்தோட நின்னவ என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்கள். மச்சி மட்டும் சிரிக்கவில்லை, அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. நான் கீழே போய் மாமிக்கு வெங்காயம் உரித்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் மச்சியின் காலேஜ் தோழிகளும் வருவதாக இருந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். மாடியில் சார்ஜர் சுவிட்ச் போர்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, என் தலைமுடி ரப்பர் பேண்டைப் போட்டு, தாவணிக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். என் பையில் வைத்தால் அம்மா பார்த்துவிடுவார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற அறையில் மாமாவின் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன, முன்னால் இருந்த ஒன்றின் வாய் கட்டாமல் இருந்தது, முழங்கை வரை கையை விட்டு உள்ளே புதைத்தேன். ராத்திரி ஒரு தடவை படம் ஓடாமல் போகட்டும், காலையில் எடுத்து மெத்தைக்கு அடியில் போட்டுவிட்டால் அங்கே கிடந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள் என்பதுதான் என் கணக்கு. செருப்புக் கடை வீட்டில் பிறந்தவளுக்கு மூட்டை என்றால் மூட்டை, அது அங்கேயே இருக்கும். அது சாப்பாட்டு நெல் இல்லை, குறுவைக்கு விடுகிற விதைநெல் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் நான் எங்கே நின்றேன் என்று தெரியாது. பேட்டரியில் அரை மணி நேரம் ஓடியது, நீங்கள் கடலுக்குள் இருக்கிற மீன்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது அணைந்தது. சார்ஜரைத் தேடினீர்கள், பாயைத் தூக்கினீர்கள், தலையணை உறையை உதறினீர்கள், மச்சியின் தோழிகள் செல்போன் வெளிச்சம் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் கீழே இறங்கிச் சாமிதுரை அண்ணன் நின்ற வேனுக்குப் போனபோது மாடிக் கைப்பிடிச் சுவரில் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அண்ணே, மத்தியானம் செல்லு சார்ஜ் போட மாடிக்கு வந்தது நீங்க மட்டுந்தான் என்றீர்கள். வந்தேன் தம்பி, என் செல்ல எடுத்துட்டு எறங்கிட்டேன் என்றார். அப்ப அது எப்புடி நடந்து போச்சு, தப்பித்தவறி உங்க பையில விழுந்திருக்கான்னு பாருங்களேன் என்றீர்கள். பாக்கச் சொல்றீங்களா, காட்டச் சொல்றீங்களா என்று அவர் கேட்டார். நீங்கள் பையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவர் பையை வேன் படியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார், ஒரு கைலி, துண்டு, சீப்பு, நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை, நாகூரில் அவர் மகளுக்கு வாங்கிய கண்ணாடி வளையல் பேப்பரில் சுற்றி. அந்தப் பேப்பரையும் அவரே பிரித்துக் காட்டினார், நீங்கள் கேட்கவில்லை.

கூட்டத்தில் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன், உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் முகம் சுண்டிப் போயிருந்தது, மச்சி வேலையில்லாத ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அவர் வளையலைப் பிரிக்கிற வரைக்கும் நன்றாக இருந்தது. அதன் பிறகு சொல்லலாம் என்றால் நேரம் தாண்டிவிட்டது மாதிரி இருந்தது.

விடிகாலைத் தொழுகை முடிந்ததும் அந்த அறைக்குப் போனேன், தரையில் சிந்திய நெல்லைக் கோழி பொறுக்கிக்கொண்டிருந்தது, மூட்டைகளைக் காணவில்லை. மாமியிடம் கேட்டேன், இன்னிக்கு நல்ல நாளுல்ல, வெதநெல்ல ஊறப்போடத் தூக்கிட்டுப் போனாங்க என்று சொன்னார்கள். கொல்லைக்கு ஓடினேன். மோட்டார் கொட்டகைத் தொட்டியில் மூன்று சாக்கும் முழுகிக் கிடந்தன, மேலே கல் வைத்திருந்தார்கள், சாக்கிலிருந்து சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டே இருந்தது. எந்தச் சாக்கில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அங்கே ஆட்கள் நின்றதால் வீட்டுக்குள் திரும்பிவிட்டேன். அன்றைக்கு நாம் ஊருக்குத் திரும்பியபோது சாமிதுரை அண்ணன் வழி முழுக்க ஒரு பாட்டுப் போடவில்லை. நம் வாசலில் வேனை நிறுத்திவிட்டு இறங்காமலே, சாமான நீங்களே எறக்கிக்கங்க பாய், அப்புறம் ஒண்ணு ரெண்டு கொறஞ்சா நான் எங்க போறது என்று அத்தாவிடம் சொன்னார். நீங்கள் மூன்றாம் நாள் தோஹாவுக்கு விமானம் ஏறிவிட்டீர்கள்.

நீங்கள் போன வாரத்தில் மாமாவும் மச்சியும் பலாப்பழத்தோடு வந்தார்கள். மச்சி நேராக அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தியது, ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தது. ஊறவைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி, முளைகட்டின விதையை நாற்றங்காலில் விதைக்கும்போது கூடையிலிருந்து இது ஆள் கையில் வந்ததாம். சார்ஜர் முழுக்க முளை, ஒயர் இடுக்கில் எல்லாம் வெள்ளை வேர் பின்னியிருந்தது. எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு அத்தா சொல்றாங்க, எலி ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடுமாடி என்று கேட்டுவிட்டு மச்சி சிரித்தது. பிறகு, நான் யார்கிட்டயும் சொல்லல, ஷஹ்பாஸ் மச்சான்கிட்டயும் சொல்லல, நீயே பாத்துக்க என்று என் தோளைத் தட்டியது. நானா, படித்திருக்கிறது, ஊர் பார்த்திருக்கிறது, உங்களையும் கட்டிக்கொள்ளப் போகிறது, போதாக்குறைக்கு நல்ல பெண்ணாகவும் இருக்கிறது. ஒரு குறையாவது இருந்தால் நான் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போவேன். அது போன பிறகு பலாச்சுளையைத் தொடவில்லை, சார்ஜரை என் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

நாலைந்து நாள் அப்படியே வைத்திருந்தேன். அம்மாவுக்குத் திருவாரூர் போகிற நாள் வந்தது, அத்தா சாமிதுரை அண்ணனுக்குப் போன் செய்தார்கள், வண்டி வேலைக்கு விட்ருக்கேன் பாய் என்று சொல்லிவிட்டார், வேன் ஸ்டாண்டிலேயே நின்றதை அத்தா கடையிலிருந்தே பார்த்தார்கள். வேறு வண்டி பிடிக்கிறேன் என்று அத்தா சொன்னபோது அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, பன்னெண்டு வருசமா அவரு வண்டியில போறோம், இப்ப இன்னொருத்தர் வண்டியில ஏறுனா அவர் எடுத்தது நெசந்தான்னு ஊரு நெனச்சுக்கும், எனக்கு பஸ்ஸே போதும் என்றார்கள். போகும்போது இடம் கிடைத்தது, வரும்போது மாங்குடி தாண்டுகிற வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். வீட்டுக்கு வந்து அம்மாவின் கால் கட்டைப் பிரித்தால் புண் மறுபடி வாய் திறந்து, பாதம் வீங்கி இருந்தது. அம்மா ஒரு முனகல்கூட இல்லாமல் காலை நீட்டிக்கொண்டு, அந்த மனுசன் மனசு என்ன பாடுபட்டுச்சோ என்று தனக்குத்தானே சொன்னார்கள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பெட்டியைத் திறந்து சார்ஜரை எடுத்துவந்து அவர்கள் மடியில் வைத்தேன்.

அம்மா அடிக்கவில்லை. காய்ந்த வேரை நகத்தால் கிள்ளிப் பார்த்தார்கள், ஏன் பண்ணுனே என்று கேட்டார்கள், சொன்னேன். பத்தோடு நின்றவள் என்று நீங்கள் சொன்னதையும், அம்மா சிரித்ததையும் சொன்னேன். சார்ஜரைப் பழைய துணியில் சுற்றி வைத்துவிட்டு, நான் சிரிச்சது தப்பு, நீ பண்ணுனது அதவிடத் தப்பு, புர்காவைப் போடு என்றார்கள். அந்தக் காலோடு ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தார்கள், நான் ஆட்டோ கூப்பிடட்டுமா என்றபோதும் நடையை நிறுத்தவில்லை. அத்தாவிடம் சொன்னால் அவர்கள் போய்ச் சொல்லிவிடுவார்களே என்றதற்கு, எடுத்தது யாரு என்று மட்டும் கேட்டார்கள். ஸ்டாண்டில் நாலு டிரைவர்கள் இருந்தார்கள், சாமிதுரை அண்ணன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் துடைப்பதை நிறுத்தாமல், சத்தமா சொல்லு பாப்பா, அன்னிக்கு ஒரு தெருவுக்கே கேட்டுச்சு, இன்னிக்கு இவனுங்க நாலு பேருக்காவது கேக்கட்டும் என்றார். அம்மா என்னைப் பார்க்காமல் எதிர்க் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சத்தமாகச் சொன்னேன், நீங்க எடுக்கல அண்ணே, நான்தான் எடுத்து வெதநெல்லு மூட்டையில வச்சேன், நீங்க பையைப் பிரிச்சப்ப நான் மேல நின்னு பாத்தேன், சொல்லல என்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்தார். இன்னொருவர், வெதநெல்லுலயா வச்சே, இந்நேரம் ஒரு ஏக்கருக்குச் சார்ஜர் வெளஞ்சிருக்குமே என்றார், மற்றவர்கள் சிரித்தார்கள். சாமிதுரை அண்ணன் சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்து கண்ணாடியில் போட்டுவிட்டு, சரி பாப்பா, நீ சின்னப் புள்ள, வந்து சொல்லிட்ட, உம்மேல எனக்கு ஒண்ணுமில்ல என்றார். அப்புறம் அம்மாவிடம் திரும்பி, ஆனா பையைக் காட்டச் சொன்னது பாப்பா இல்லம்மா, தம்பிதான், எம்மவ அந்த வளையல இன்னும் போடல, நான் குடுக்கவே இல்ல என்றார்.

நானா, நடந்தது அவ்வளவுதான். என்னால்தான் நீங்கள் அப்படிப் பேசினீர்கள், அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் காணாமல் போனதும் வீட்டுக்காரர்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் நேராக அவரிடம் போனது நீங்கள்தான், அதை நான் செய்ய வைக்கவில்லை. உங்கள் மேல் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். நேற்றுகூட அந்தப் பாறை போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், படம் இடது பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறது, அங்கே உங்களுக்கு நல்ல ஆபரேட்டர் இல்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நீங்கள் எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் போனீர்கள், படிப்பு, வேலை, ஊர், விமானம். இந்த ஒன்றில் மட்டும் நான் உங்களுக்கு முன்னால் போயிருக்கிறேன். நாலு பேர் நடுவில் நின்று சத்தமாகச் சொல்ல என்னாலேயே முடிந்தது. உங்களுக்குப் போன் போதும்.

அம்மா வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இனி அவர்கள் சொல்வது.

தம்பி, அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தால் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறாள் என்று தெரிகிறது. நீ அவளை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. பொட்டலத்தில் இருக்கிற சார்ஜரை மின்சாரத்தில் சொருகிப் பார்த்துவிடாதே, தண்ணீர் குடித்த சாமான், உன் கையில் ஒரு தடவை இருந்தால் போதும் என்றுதான் அனுப்பினேன், பிறகு தூக்கிப் போடு. மன்னார்குடி மாமா வீட்டில் இதைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அங்கே மாடியில் நின்று பார்த்தவர்களுக்கும் உண்மை தெரிய வேண்டும், அதை உன் மாமாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உனக்கு இருப்பது ஒரே வேலை. சாமிதுரைக்குப் போன் செய். காலையில் ஸ்டாண்டில் மற்றவர்கள் இருக்கிற நேரம் செய், அவர் ஸ்பீக்கரில் போட்டால் போடட்டும், அண்ணே, தப்பா நெனச்சுட்டேன் என்று சொல். விசா, வேலை, பணம் அனுப்புகிறேன் என்று ஒன்றும் பேசாதே, அவர் கேட்கவில்லை. அவர் வந்து கூப்பிட்டால் பதினெட்டாம் தேதி அவர் வேனில் போவேன், இல்லாவிட்டால் பஸ்ஸில்தான் போவேன், இது உன்னை மிரட்டுவதற்காகச் சொல்வது இல்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வழக்கம்போல் எனக்கு முதலில் போடாதே. போட்டால் மணி அடிக்கும், உன் பேர் வரும், நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எடுக்க மாட்டேன். அவரிடம் பேசிவிட்டு எனக்குப் போடு. அல்லாஹ் உனக்குப் பசியில்லாத வயிறும் அச்சமில்லாத வழியும் நேரான நாக்கும் தரட்டும், உன் கை பட்டதில் பரக்கத் தரட்டும்.

உன் போனுக்காக இருக்கும் அம்மா,
ஜன்னத் பீவி
கைப்பட எழுதியது அனீஸா